நான் துடைத்த குறி

வலது பக்கப் பிஸ்டனில் ஓட்டை விழுந்ததற்குப் பட்டறைப் பையன் காரணமில்லை. அவன் டைமிங் வைத்து முடித்துவிட்டுப் போன பிறகு பாயிண்டைத் திறந்து கேப்பை மாற்றியவன் நான். வண்டிக்காரர் கேட்டபோது பையனைக் கைகாட்டியவனும் நான். அவன் சம்பளத்தில் காசும் பிடித்தேன். அதோடு நின்றிருந்தால் ஆத்திரத்தில், அவமானத்தில் செய்துவிட்டேன் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருப்பேன். இன்னொன்றும் செய்தேன், அதை நிதானமாகவே செய்தேன். அது பிறகு வரும். வண்டியில் பொறி எப்படி அடிக்கிறது என்று தெரியாதவருக்கு அதன் அசிங்கம் புரியாது என்பதால் முதலில் கொஞ்சம் தொழில் பேச வேண்டியிருக்கிறது.

களமருதூரில் இருசக்கர வண்டிப் பட்டறை வைத்திருக்கிறேன். உளுந்தூர்பேட்டை வட்டம், முன்பு தென்னாற்காடு, பிறகு விழுப்புரம், 2019 நவம்பரிலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம். இருந்த இடத்தில் இருந்தபடியே ஊர் மூன்று மாவட்டம் பார்த்துவிட்டது. வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் டிவிஎஸ் எக்ஸ்எல். பால் கேன் தொங்குவது, புல்லுக்கட்டு சுமப்பது, சித்திரையில் கூவாகம் திருவிழாவுக்குப் போகிற வழியில் நின்றுபோனது. மீதி ஸ்ப்ளெண்டர். இவற்றில் சோறு கிடைக்கும், பெயர் கிடைக்காது. பெயருக்காக வாசலில் ஒரு போர்டு மாட்டினேன்: ‘ஆர்.எக்ஸ்., ஆர்.டி. ஸ்பெஷலிஸ்ட்’.

யமஹாவின் ஆர்.எக்ஸ். எல்லோருக்கும் தெரியும். ஆர்.டி. என்பது ராஜ்தூத் 350. யமஹாவின் ஆர்.டி.350 வண்டியை எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-இல் இந்தியாவில் செய்து விற்க ஆரம்பித்தது. 347 சிசி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். பெட்ரோலைக் குடித்தது, உதிரிபாகம் கிடைக்கவில்லை, வாங்கியவர்களில் பாதிப்பேர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். எண்பதுகளோடு அதன் காலம் முடிந்தது. இன்று அதே வண்டியைத் தேடி அலைகிறார்கள், கேட்ட விலை கொடுக்கிறார்கள். நம் ஊர்ச் சாலைகளில் ஸ்போர்ட்ஸ் வண்டி என்று சொல்லத் தகுந்த முதல் வண்டிகளில் அது ஒன்று என்பது என் கருத்து. புல்லட்காரர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

அந்த வண்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிப் பாயிண்ட், தனிக் கண்டென்சர், தனிக் காயில். கிராங்கின் இடது முனையில், மூடிக்கு உள்ளே, ஒரு தட்டு. அதில் இரண்டு பாயிண்டும் உட்கார்ந்திருக்கும். நடுவில் சுற்றும் கேம் பாயிண்டைத் தள்ளிப் பிரிக்கிற நொடியில் காயிலில் ஓடிக்கொண்டிருந்த பேட்டரி கரண்ட் அறுபடும். அறுபட்டதும் காயிலின் மறுபக்கச் சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி பிளக்கில் பொறியாகப் பாயும். பிரியும் இடத்திலேயே பொறி பறந்து பாயிண்ட் தீய்ந்து போகாமல் பார்த்துக்கொள்வது கண்டென்சர். கண்டென்சர் செத்தால் பாயிண்டில் வெள்ளையும் நீலமுமாகப் பொறி தெறிக்கும், பிளக்கில் உயிரில்லாத மஞ்சள் பொறி வரும். பேட்டரி சார்ஜ் குறைந்தாலும் அதே கதைதான். இந்த வண்டியின் ஆல்டர்னேட்டரில் கார்பன் பிரஷ் உண்டு. அது தேய்ந்துவிட்டால் பகலில் ஒழுங்காக ஓடும் வண்டி, ராத்திரி ஹெட்லைட் போட்டதும் மிஸ் அடிக்கும். கார்ப்பரேட்டர் கோளாறு என்று நினைத்து ஜெட்டைக் குடைந்து பல ஆர்.டி.க்களை நாசம் பண்ணியிருக்கிறார்கள் என் தொழில்காரர்கள்.

பாயிண்ட் எவ்வளவு பிரிகிறது என்பது கேப், 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். எப்போது பிரிகிறது என்பது டைமிங். பிளக் ஓட்டையில் டயல் கேஜைப் பொருத்தி, பிஸ்டன் டாப்புக்கு வர இன்னும் எவ்வளவு தூரம் இருக்கும்போது பாயிண்ட் பிரிகிறது என்று அளந்து வைப்பது. இரண்டும் வேறு வேறு என்று புதிதாகப் படிக்கிறவன் நினைப்பான். கேப்பை அகட்டினால் கேம் பாயிண்டை முன்னதாகவே பிரித்துவிடும். டைமிங் தானாக முந்திக்கொள்ளும். ஆகவே முதலில் கேப், அப்புறம்தான் டைமிங். டைமிங் வைத்தபின் கேப்பைத் தொட்டால் மறுபடி டைமிங் அளந்தே ஆக வேண்டும். இதை என் பட்டறைக்கு வந்த ஒவ்வொரு பையனுக்கும் நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு மலையாளி ஃபோர்மேன். ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு கார் கேரேஜில் சில வருடங்கள் இருந்தேன். அங்கே ஒரு பழைய மஸ்டா ஆர்எக்ஸ்-7 வரும். ரோட்டரி இஞ்சின். மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் அதில் கிடையாது. மூன்று முனை கொண்ட ரோட்டர் கூட்டுக்குள் சுழலும். ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கெல் கண்ட வழி. என்எஸ்யூ கம்பெனி 1964-இல் அதைக் காரில் வைத்து விற்றது. விடாப்பிடியாக அதை வளர்த்தெடுத்தது மஸ்டா. 1967-இல் காஸ்மோ, 1978-இல் ஆர்எக்ஸ்-7, 1991-இல் நான்கு ரோட்டர் வைத்த 787பி-யைக் கொண்டுபோய் லெ மான் பந்தயத்தையே ஜெயித்தது. எரிப்பு நடக்கும் அறை நீளமாகவும் ஒல்லியாகவும் இருப்பதால் ஒரு பொறி போதாது. சாலையில் ஓடும் காருக்கு ரோட்டருக்கு இரண்டு பிளக். அந்தப் பந்தயக் காரில் மூன்று. இரண்டில் முதலில் அடிப்பது லீடிங், சற்றுப் பின்னால் அடிப்பது டிரெய்லிங்.

இந்த இரட்டைப் பிளக்தான் மெக்கானிக்கை ஏமாற்றும். டிரெய்லிங் செத்தாலும் வண்டி ஓடும். கொஞ்சம் மந்தமாக இருக்கும், பெட்ரோல் கூடக் குடிக்கும், சைலன்சர் அதிகம் கொதிக்கும். அவ்வளவுதான். ஓட்டுகிறவன் பெட்ரோலைத் திட்டுவான், மெக்கானிக் ஃபில்டரை மாற்றுவான். அந்த ஆர்எக்ஸ்-7-க்கு நானும் பம்ப், ஃபில்டர், பிளக் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற எடுத்துவைத்திருந்தேன். ஃபோர்மேன் வந்தார். வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார், மீட்டரைப் பார்த்தார். ஆர்பிஎம் முள் துள்ளிக்கொண்டிருந்தது. இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7-இல் அந்த முள்ளுக்குச் சிக்னல் போவது டிரெய்லிங் காயிலிலிருந்து. முள் துள்ளினால் காயிலைப் பார் என்றார். காயில்தான். நான் எடுத்துவைத்திருந்த சாமான் எல்லாவற்றையும் அலமாரியில் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டு, ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், அப்புறம் அடுத்ததைத் தொடு என்றார். ஐந்தை ஒன்றாக மாற்றினால் வண்டி சரியானாலும் எதனால் சரியானது என்று உனக்குத் தெரியாது, அது மறுபடி வரும் என்றார்.

இன்னொன்றும் அங்கேயே படித்தேன். ரோட்டரியில் டைமிங் முந்திப்போய் நாக்கிங் எடுத்தால் ரோட்டர் முனையில் இருக்கும் அபெக்ஸ் சீல் நொறுங்கிவிடும். ஒரு சீல் போனால் இஞ்சினையே பிரிக்க வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் அதே குற்றத்துக்கு அதே மாதிரி தண்டனை: பிஸ்டன் தலை உருகும். ஆக நான் செய்ததைத் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

திருக்கோவிலூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர், அப்பா விட்டுப்போன ராஜ்தூத் 350-ஐ என்னிடம் கொண்டுவந்தார். சர்வீஸ் செய்து கொடுத்தேன். கொஞ்ச நாளில் திரும்பி வந்தார். காலையில் ஸ்டார்ட் ஆகிறது, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நன்றாகப் போகிறது, சூடானதும் வலது பக்கம் செத்துவிடுகிறது, நிறுத்தி ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது என்றார். “நீங்க சர்வீஸ் பண்ணதுக்கப்புறந்தாண்ணே இப்படி” என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும் என்றேன். அவர் சொன்னதில் பதில் இருந்தது. அது என் காதுக்குள் போகவில்லை.

சூடானதும் சாவது என்றால் காயிலாக இருக்கலாம், கண்டென்சராக இருக்கலாம், ஒயராக இருக்கலாம். கண்டுபிடிக்கச் செலவே இல்லாத வழி உண்டு. இடது காயிலை வலதுக்கும் வலது காயிலை இடதுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்ப்பது. கோளாறு இடம் மாறினால் காயில், மாறாவிட்டால் காயில் இல்லை. இதைச் செய்ய எனக்குப் பொறுமை இல்லை. ஸ்பெஷலிஸ்ட் அல்லவா! பிளக், பிளக் தொப்பி, காயில், இரண்டு கண்டென்சர், இரண்டு பாயிண்ட், எல்லாவற்றையும் வரவழைத்து ஒரே நாளில் மாற்றினேன். வண்டி ஓடியது. பில் போட்டேன். சார் முகம் சுருங்கினாலும் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். ஃபோர்மேன் சொன்னபடி அது திரும்பி வந்தது.

அப்போது என்னிடம் வேலை பார்த்தவன் கல்வராயன் மலைப் பையன். வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே ஒரு ஊர். பத்தாவது முடித்துவிட்டு வந்தவன், பட்டறையிலேயே தங்கியிருந்தான். பேச்சு குறைவு, கை சுத்தம். கழற்றின ஸ்குரூவைக் கழற்றின வரிசையிலேயே அட்டையில் குத்தி வைப்பான். அவனை நான் கூப்பிட்டதெல்லாம் “மலை” என்றுதான். வேடிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வந்து போகிறவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள்.

வண்டி இரண்டாம் முறை வந்தபோது நான் வேறு வேலையில் இருந்தேன். அவனைப் பார்க்கச் சொன்னேன். அவன் காயிலை இடம் மாற்றி ஓட்டிப் பார்த்தான். வலதுதான் மறுபடி செத்தது. அப்புறம் பன்னிரண்டு வோல்ட் பல்பு ஒன்றை எடுத்து, காயிலில் பாயிண்ட் ஒயர் சேரும் இடத்தில் ஒரு முனை, இஞ்சின் பாடியில் ஒரு முனை கொடுத்தான். சாவி போட்டிருக்கும்போது பாயிண்ட் பிரிந்திருந்தால் அந்தப் பல்பு எரிய வேண்டும், சேர்ந்தால் அணைய வேண்டும். பாயிண்டைப் பிரிந்த நிலையில் நிறுத்திவிட்டு ஒயரைக் கையால் அசைத்தான்.

“அண்ணே, ஒயர்ல கை வெச்சா லைட்டு மினுக்குது. உள்ள எங்கயோ பாடியில ஒரசுதுண்ணே.”

சார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஏழெட்டு சாமான் மாற்றிப் பில் போட்டவன் நான். கோளாறு ஒரு ஒயரில் என்று என் பையன் அவர் முன்னாலேயே சொல்கிறான். “மலையிலேர்ந்து நேத்து எறங்கி வந்தவன் எனக்குச் சொல்லித்தர்றியா? பாயிண்ட் புதுசு, ஹீல் தேஞ்சி கேப் கொறஞ்சிருக்கும். கேப் பாத்து டைமிங் வைடா” என்றேன். புதுப் பாயிண்டில் கேம் உரசும் ஃபைபர் ஹீல் முதலில் கொஞ்சம் தேயும் என்பது உண்மைதான். உண்மையான விஷயத்தை எடுத்து ஒருவன் வாயை அடைப்பது எளிது.

அவன் ஒன்றும் பேசவில்லை. பீலர் கேஜ் போட்டுக் கேப் வைத்தான். டயல் கேஜ் போட்டு முதலில் பெரிய தட்டைத் திருப்பி ஒரு பக்கம், பிறகு அதன் மேலிருக்கும் சின்னத் தட்டை நகர்த்தி மறுபக்கம். பெரிய தட்டை அசைத்தால் இரண்டு பக்க டைமிங்கும் சேர்ந்து மாறும் என்பதால் அந்த வரிசைதான் சரி. முடித்ததும் தட்டிலிருந்து கேசிங் வரை சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு கோடு போட்டான். தட்டு நகர்ந்திருந்தால் கோடு உடைந்து தெரியும். அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

சாயங்காலம் அவன் சாமான் வாங்க உளுந்தூர்பேட்டை போய்விட்டான். சார் வந்தார். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு வெள்ளிமலை போகிறோம், மலை ஏறணும், இன்னும் கொஞ்சம் இழுவை இருந்தால் நல்லது என்றார். பையன் சொன்ன ஒயர் என் மனதில் இருந்தது. அதைப் பார்த்தால் அவன் சொன்னதை ஒத்துக்கொண்டதாகும். மூடியைக் கழற்றி, வலது பாயிண்டைக் கண் மதிப்பில் அகட்டினேன். பீலர் கேஜ் இரண்டடி தள்ளித் தொங்கிக்கொண்டிருந்தது. பிளக் கறுப்படைந்து சாகிறது என்று ஒரு கதையை எனக்கு நானே சொல்லிக்கொண்டு, என்ஜிகே எட்டாம் நம்பரைக் கழற்றிவிட்டு ஏழு போட்டேன். அந்தக் கம்பெனி நம்பரில் எண் குறையக் குறைய பிளக் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். லேசான ஓட்டத்துக்குச் சரி, ஏற்றத்துக்கு ஆபத்து. டைமிங்கை மறுபடி அளக்கவில்லை. கிக்கர் அடித்ததும் வண்டி சீறியது. டைமிங் முந்திய டூ ஸ்ட்ரோக் சமதளத்தில் அப்படித்தான் துள்ளும். சார் சிரித்தார். நானும் சிரித்தேன். பையன் திரும்பி வந்தபோது அவனிடம் எதுவும் சொல்லவில்லை.

கச்சிராயபாளையம் வரை வண்டி பறந்ததாம். கோமுகி அணையைத் தாண்டி ஏற்றம் தொடங்குகிறது. இரண்டாவது கியர், மூன்றாவது கியர், மறுபடி இரண்டாவது என்று இஞ்சினுக்கு மூச்சு விட நேரம் தராத வளைவுகள். பாதி ஏற்றத்தில் சலங்கை மாதிரி ஒரு சத்தம், அப்புறம் வலது பக்கத்திலிருந்து புஸ் என்று காற்று, வண்டி நின்றுவிட்டது. டாடா ஏஸில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.

ஹெட்டைக் கழற்றினேன். வலது பிஸ்டன் தலையில் சுண்டுவிரல் போகிற அளவுக்கு ஓட்டை, ஓரமெல்லாம் உருகிய அலுமினியம். பிளக் நுனியில் வெள்ளியாகப் பொட்டுப் பொட்டாக அலுமினியம் ஒட்டியிருந்தது. அது பொறி முந்தி அடித்த வண்டியின் கையெழுத்து. இடது பிஸ்டன் கழுவி வைத்தது போல இருந்தது. பாயிண்ட் மூடியைக் கழற்றினேன். வலது கேப் நான் அகட்டியபடியே அகலமாக இருந்தது. சிவப்புக் கோடு ஒரு மயிரிழைகூட உடையாமல் நேராக நின்றது. பையன் வைத்த தட்டு பையன் வைத்த இடத்திலேயே இருந்தது.

சார் டீக்கடையில் இருந்தார். பையனை வாஷர் வாங்க அனுப்பியிருந்தேன். துணியைத் தின்னரில் நனைத்து அந்தக் கோட்டைத் துடைத்தேன். பீலர் கேஜை எடுத்து, இந்த முறை ஒழுங்காக, வலது கேப்பை அளவுக்குக் கொண்டுவந்தேன். பெரிய தட்டின் ஸ்குரூவைத் தளர்த்தி டைமிங் முந்தும் பக்கமாக நகர்த்தி இறுக்கினேன். பிறகு கையைக் கழுவிக்கொண்டு போய் சாரைக் கூப்பிட்டேன். இடது பக்கத்தில் டயல் கேஜைப் போட்டு, பாயிண்ட் எவ்வளவு முன்னால் பிரிகிறது என்று அவருக்குக் காட்டினேன். நம்ம பையன் வெச்ச டைமிங் சார், நான் செக் பண்ணாம விட்டது என் தப்பு என்றேன். அந்தக் கடைசி வார்த்தையால் எனக்குப் பெருந்தன்மைகூடக் கிடைத்தது.

அந்தப் பொய்யில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. பெரிய தட்டு நகர்ந்திருந்தால் இரண்டு பக்கமும் முந்தியிருக்கும். அப்படியானால் இடது பிஸ்டனில் ஒரு கீறல்கூட ஏன் இல்லை? சார் கேட்டிருக்கலாம். பையன் வந்து பார்த்தபோது கேட்டிருக்கலாம். இருவரும் கேட்கவில்லை. சார் என்னை நம்பினார். பையன் தன்னை நம்பவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான், “கோடு போட்டிருந்தேனேண்ணே” என்று மட்டும் சொன்னான். போட்டிருந்தா எங்கடா என்றேன்.

பிஸ்டன், ரீபோர் செலவில் ஒரு பங்கை அவன் சம்பளத்தில் பிடித்தேன். மீதியைச் சாரும் நானும் பகிர்ந்துகொண்டோம். மாதம் முடிந்ததும் அவன் பையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். நான் போகச் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

புதுப் பிஸ்டன் போட்டு ரன்னிங்-இன் ஓட்டும்போது வலது பக்கம் மறுபடி செத்தது. யாரும் பார்க்காத நேரத்தில் பல்பைக் கட்டி ஒயரை அசைத்தேன். மினுக்கியது. மூடியின் ஓரம் வந்து உட்காரும் இடத்தில் பாயிண்ட் ஒயர் நசுங்கி, ரப்பர் கிழிந்து, செம்பு தெரிந்தது. முதல் சர்வீஸில் மூடியைப் போட்டபோது ஒயரை அதன் பள்ளத்தில் உட்காரவைக்காமல் நசுக்கி முடுக்கியவன் நானே. சூட்டில் ரப்பர் இளகியதும் செம்பு கேசிங்கைத் தொட்டிருக்கிறது. தொட்டால் பாயிண்ட் பிரிந்தாலும் கரண்ட் அறுபடாது, பொறி வராது. ஆறினால் விலகிக்கொண்டிருக்கிறது. ஒரு விரல்கடை ஒயர், ஒரு ஸ்லீவ், கொஞ்சம் ஈயம். அதற்குப் பிறகு அந்த வண்டி நிற்கவில்லை. சார் என் புகழ் பாடினார்.

இத்தனைக்கும் பிறகு உடனே போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை, நெடுநாள் சும்மாவே இருந்தேன். அசைத்தது வேறு ஒன்று. எங்கள் ஊர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், மலையிலிருந்து வேலை கேட்டு வந்த ஒரு பையனை வேண்டாம் என்று அனுப்பியதை என்னிடமே சொன்னார். “உங்க ஆர்.டி. கதை தெரியாதா? மலைப் பசங்களுக்கு மெஷின் வேல வராதுண்ணே” என்றார். நான் பரப்பிய பொய் என் பட்டறையை விட்டு வெளியே போய், நான் பார்த்தறியாத ஒரு பையனின் வேலையைத் தின்றுவிட்டு வந்திருந்தது. அவரிடம் அப்போதே சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை. பெரிய மனுஷன் பையனைக் காப்பாற்றப் பேசுகிறான் என்று நினைத்த மாதிரிதான் முகம் இருந்தது.

சாரிடம் சொன்னபோது அவர் கத்தவில்லை. ஆரம்பத்தில் மாற்றிய காயில், கண்டென்சர், பாயிண்ட் பில்லிலிருந்து ரீபோர் வரை கணக்குக் கேட்டார். திருப்பிக் கொடுத்தேன். எண்ணி வாங்கிக்கொண்டு, அந்தப் பையனிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். அவனிடம் சொல்லாமல் என்னிடம் எதற்கு முதலில் வந்தீர்கள் என்றார். காசு கொடுத்துத் தீர்க்கக்கூடிய இடத்துக்கு முதலில் போயிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் வண்டியை என்னிடம் விடுவதில்லை.

பையனின் பழைய நம்பர் உபயோகத்தில் இல்லை. வெள்ளிமலைக்குப் போய் விசாரித்து, அவன் திருப்பூரில் இருப்பது தெரிந்து, அங்கிருந்தவர்களிடம் புது நம்பர் வாங்கினேன். பட்டறை வேலையை விட்டுவிட்டு பனியன் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தான். கேப்பை அகட்டியதைச் சொன்னேன், ஏழாம் நம்பர் பிளக்கைச் சொன்னேன், ஒயரைச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் “சரிண்ணே” என்றான். கோட்டைத் துடைத்ததைச் சொன்னதும் பேச்சு நின்றது. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

“நீங்க தொடச்சீங்களாண்ணே? நான் போட்டேனா போடலியான்னு எனக்கே கொழப்பமாயிடுச்சி. கை சரியில்லன்னு நெனச்சித்தான் அந்த வேலையே வேணாம்னு விட்டேன்.”

திரும்பி வந்துவிடு, டைமிங் வேலை எல்லாம் நீயே பார், நான் தொடமாட்டேன் என்றேன். வரலண்ணே என்றான். மன்னிச்சிட்டேன் என்றோ, மன்னிக்க மாட்டேன் என்றோ அவன் சொல்லவில்லை; நானும் அந்த வார்த்தையை அவனிடமிருந்து வாங்கப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “சம்பளத்துல புடிச்சத மட்டும் அனுப்பிடுங்கண்ணே” என்றான்.

எவ்வளவு பிடித்தேன் என்று எனக்கு மறந்துவிட்டிருந்தது. அவன் ரூபாய் பைசாவோடு சொன்னான். அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.